நீ சொல்லியிருக்க வேண்டிய படம்

கைப்பையைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டு பஸ் டிக்கெட், கண்ணாடி துடைக்கும் துணி, கிழிந்த சினிமா டிக்கெட், பிரிக்காத ஒரு கச்சான் கடலைச் சுருள் விழுந்தன. கச்சான் தியேட்டர் வாசலில் வாங்கியது. கூட வந்த இரண்டு பேரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் நான் இரண்டு சுருள் வாங்கியிருக்கிறேன். பதுளைத் தியேட்டர் வாசலில் நின்றால் என் கை தானாக இரண்டு விரலைக் காட்டிவிடுகிறது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. முப்பது வருடப் பழக்கம்.

சுருளைப் பிரித்ததும் வறுத்த வாசம் அறை முழுக்கப் பரவியது. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. முதலில் அந்தப் படத்தை எடுத்தவர்மேல். அப்புறம், கோபித்துக்கொள்ளாதே, உன்மேல்.

நீ பார்க்காமல் போன படத்தை நான் பார்த்துவிட்டேன். உன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் பார்த்தேன். திட்டம் போட்டது நீ. மாட்டிக்கொண்டது நான்.

தை மாதத்தில் உன் மகள் அவள் போனில் அந்தப் படத்தின் முன்னோட்டத்தைக் காட்டினாள். சென்னையில் ஒரு பெரிய ரௌடி தன் கூட்டத்தையே பொலிஸுக்குக் காட்டிக் கொடுக்கிறான். அவனையும் மனைவியையும் மகளையும் மகனையும் பொலிஸ் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேறு பெயர்களில் ஒளித்து வைக்கிறது. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு அந்த ரௌடி மலையிலிருந்து சறுக்கி விழுகிறான். நீ சிரித்துச் சிரித்து இருமல் கூடிப்போய், மகள் சுடுதண்ணி எடுக்க ஓடினாள். அவள் உள்ளே போன நேரம் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இதுதான்டி நம்ம படம். புள்ளைக ரெண்டையும் கூட்டிக்கிட்டு இதுக்குப் போவோம். நல்லா சிரிக்கட்டும். சிரிச்சிட்டு வெளிய வரும்போது, நாங்களும் இப்படித்தான்டா ஒளிஞ்சு வாழ்ந்தோம்னு சொல்லிடுறேன். சிரிப்போட சிரிப்பா போயிடும்."

"நெசமா சொல்லுவியா?"

"சொல்லுவேன். நான் இல்லாட்டி நீ சொல்லு."

அந்தக் கடைசிப் பேச்சை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். மாசியில் நீ போய்விட்டாய். படம் சித்திரையில்தான் வந்தது.

உனக்கும் எனக்கும் படம் என்றால் என்ன என்பதை வெளியாள் யாருக்காவது விளங்கவைப்பது கஷ்டம். நான் டீச்சர் வேலைக்குப் போவதற்கு முன், உன்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தி டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தால் போதும். திங்கட்கிழமை மலையில் அது எல்லாருக்கும் ஓடும். நம் மலையில் அந்த ஒருத்தி நீதான். உனக்குப் பக்கத்து நிரை கிடைக்க வேண்டும் என்று பெண்கள் சண்டை பிடித்தார்கள். "வாய் பறிக்குது, கை பறிக்க மாட்டேங்குது" என்று கங்காணி சத்தம் போடுவார். போட்டுவிட்டு, சண்டைக் காட்சி வரும்போது அவரும் நம் நிரைக்குக் கீழே வந்து நின்றுகொள்வார்.

நீ சொன்ன படத்தை நம்பிப் பிறகு தியேட்டருக்குப் போனவர்கள் ஏமாந்து வந்தார்கள். தங்கச்சி செத்துப்போவாள் என்று நீ சொல்லி மலையே அழுத படத்தில், அந்தத் தங்கச்சி கடைசிவரை நன்றாகத்தான் இருந்தாள். சாகவும் இல்லை, படத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இது என்ன வேலை என்று நான் கேட்டதற்கு நீ கூடையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டே சொன்னாய்: "அவன் எடுத்தத சொன்னா நமக்குத் தூக்கம்தான் வரும். அவன் எடுத்திருக்க வேண்டியத சொல்றேன்."

இப்படி ஊரார் படத்தையெல்லாம் திருத்திச் சொன்ன நீ, உன் வீட்டுக் கதையை மட்டும் வாயே திறக்காமல் வைத்திருந்தாய். எனக்கு அது தெரியவந்தது பதுளையில். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, கைக்குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு முதல்முதலாகப் பதுளைக்குப் படம் பார்க்கப் போனோம். அதுவரை எங்கே கூப்பிட்டாலும் வருவாய், பதுளை என்றால் தலைவலி என்பாய். அன்றைக்கு ரயிலில் போய் ஸ்டேசனில் இறங்கினோம். நீ பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாய். நாம் அன்றைக்குப் படத்துக்கே போகவில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது, ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் காலம் அது. உங்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. பசறைப் பக்கத்தில் இருந்த உங்கள் தோட்டமே திரண்டு பதுளை ஸ்டேசனுக்கு வந்து மாலை போட்டது. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பாக்கியம் பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டு அழுதாள். தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சொம்பை, அதில் வெட்டியிருந்த தன் பேரோடு, உன் அம்மாவின் கையில் திணித்தாள். ரயில் புறப்பட்டது. உன் அப்பா ஹாலிஎல வரை அழுதார். தெமோதரையில் அழுகையை நிறுத்தினார். பண்டாரவளையில் இறங்கித் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். அப்புத்தளையில் உன் தம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எறங்கு" என்றார் உன் அம்மாவிடம்.

"கப்பல் எங்கிட்டுங்க, இங்க எறங்க சொல்றீங்க?"

"எறங்கு, சொல்றேன்."

அவருடைய சட்டைப்பையில் அவரது சின்னம்மா மகனின் இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசி இருந்தது. அந்த மனிதர் குடும்பத்தோடு வன்னிப் பக்கம் காடு வெட்டப் போனவர், காட்டுக்குள்ளே இது எதற்கு என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கும் மனைவி, ஒரு மகள், ஒரு மகன். கணக்குச் சரியாக இருந்தது. அப்புத்தளையில் இறங்கிய நிமிசத்திலிருந்து நீங்கள் நாலு பேரும் அந்த நாலு பேர். அந்த மனிதரின் மகளுக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு. ஆக, ஒரே நாளில் உனக்குப் பேரும் மாறியது, வயதும் இறங்கியது.

ஒன்றை மட்டும் உன் அப்பா யோசிக்கவில்லை. சாமான் பெட்டிகளை ரயிலில் மன்னார்க் கப்பல்வரைக்கும் பதிந்து அனுப்பியிருந்தார். அவை நிற்காமல் போய்விட்டன. உன் அம்மாவின் மடியில் இருந்த சொம்பு மட்டும் தப்பியது. "எங்க சட்டி பானைக்குத்தான்டி இந்தியா பாக்கக் கொடுத்து வச்சிருந்திருக்கு" என்று நீ சொன்னாய். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் ஸ்டேசன் மாஸ்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் நீ என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். அப்போதுதான் உன் சொந்தப் பேரையும் சொன்னாய். அதற்குப் பிறகு நான் அதை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை.

பிற்காலத்தில் மிச்சமிருந்த எல்லாருக்கும் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது, பிள்ளைகளிடம் சொல்லிவிடு என்றேன். நீ தலையை ஆட்டினாய். "சட்டத்துக்கு இப்ப பயமில்ல. என் மகனுக்குத்தான் பயம். பஸ்ல மிச்சக் காசு கூடுதலா வந்தா ஓடிப்போய்க் குடுத்துட்டு வர்ற புள்ள அவன். எங்கம்மா வேறொருத்தி பேருல வாழ்ந்தவன்னு தெரிஞ்சா என்னைய எப்படிப் பாப்பான்?"

இதுதான் நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன சுமை. இதற்கு அந்தப் படம் கைகொடுக்கும் என்று இரண்டு பேரும் நம்பினோமே, அதை நினைத்தால்தான் எரிகிறது.

படம் எப்படி என்று கேள். உன்னைப் போல எனக்குச் சொல்ல வராது, இருந்தாலும் சொல்கிறேன்.

தோட்டம் எந்த மலையில் என்று படத்தை எடுத்தவருக்கே தெரியவில்லை. ரௌடியின் மனைவி கொழுந்துக் கூடையைப் பள்ளிக்கூடப் பை மாதிரி தோளில் மாட்டியிருக்கிறாள். கயிறு தலையில் இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் அப்போதே தங்கள் வீட்டுக் கதையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். போகட்டும், கூடையை மன்னிக்கலாம். ஒளிந்து வாழ வந்தவன் வந்த அன்றே மரக்கறிக் கடைக்காரனை அடிக்கிறான். மறுநாள் தபால்காரனை அடிக்கிறான். மூன்றாம் நாள் லயத்தில் சூதாட்டம் நடத்துகிறான். ஒளிந்திருக்கிறவனுக்கு முதலில் போவது குரல் என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாதா? உன் அப்பா பதினொரு வருடம் யாரோடும் சத்தமாகப் பேசாத மனிதர். லயத்தில் அவருக்கு ஊமையன் என்றே பேர்.

ஒரு காட்சி வந்தது. புதுப் பேரை மறந்துவிடாமல் இருக்க ரௌடி அதை உள்ளங்கையில் எழுதி வைக்கிறான். வேர்வையில் அது அழிந்துவிடுகிறது. கேட்பவனுக்கெல்லாம் ஒவ்வொரு பேர் சொல்கிறான். தியேட்டரில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எனக்கு நம் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நீ வந்து சேர்ந்த அன்று வாத்தியார் வரவு டாப்பு வாசித்தார். உன் புதுப் பேரை மூன்று முறை கூப்பிட்டார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். பிள்ளைக்குக் காது கேட்காதோ என்று அவர் கேட்டதும் சட்டென்று தலையை ஆட்டிவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு வருடம் முழு வகுப்பும் உன்னிடம் கத்திக் கத்திப் பேசியது. நானும்தான். உன் காதுக்கிட்டே வந்து "சோறு சாப்டியா" என்று கத்தியிருக்கிறேன். "செவிடுன்னு நெனச்சது வசதிதான்டி. செவிட்டுப் புள்ளகிட்ட யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க" என்று பிற்பாடு சொன்னாய். இதைக் காட்சியாக எடுத்திருந்தால் சிரிப்பும் வந்திருக்கும், சிரித்த வாய் மூடவும் நேரமெடுத்திருக்கும்.

பொய் சொல்லக்கூடாது, ஒரே ஒரு இடம் நன்றாக இருந்தது. ரௌடியின் மனைவி பழக்க தோஷத்தில் நாற்பது பேருக்குப் பிரியாணி போட்டுவிடுகிறாள். சென்னையில் அவள் வீட்டில் தினமும் அத்தனை ஆட்கள் சாப்பிட்டார்கள். இங்கே நாலே பேர். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அண்டாவைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதோ வந்துவிட்டது, இனி பிழைத்துவிடும் என்று நினைத்தேன். பக்கத்தில் உன் மகளும் போனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தாள். அந்த அம்மா வாய் திறக்கப்போகிறாள். அந்த நேரத்தில் நாய் ஒன்று வந்து அண்டாவுக்குள் விழுகிறது. அதைத் துரத்த ரௌடி ஓடுகிறான், கால் தடுக்கி அவனும் விழுகிறான். முடிந்தது. இன்னும் பத்து விநாடி அந்தப் பெண்ணின் முகத்திலேயே நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு எழுந்து நின்று திரையைப் பார்த்துத் திட்ட வேண்டும் போல இருந்தது. நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

இடைவேளையில் நாங்கள் மூவரும் வெளியே வந்து நின்றோம். அடுத்த பாதியில் தேறும் என்று நான் சும்மா சொன்னேன். உன் மகன் கடிகாரத்தைப் பார்த்தான். கொழும்பில் வேலை செய்யும் கடைக்கு மறுநாள் காலையில் திரும்ப வேண்டும், மாலை ரயிலைப் பிடித்தால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்றான்.

"முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போயேன் தம்பி" என்றேன்.

"இதுல இருக்க என்னா இருக்கு பெரியம்மா? பேர மாத்திக்கிட்டு வாழ்றவன் கள்ளன். கள்ளன வச்சு சிரிக்க சொல்றாங்க. எனக்கு வரல."

சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்டேசனுக்கு இறங்கிப் போனான். எந்த ஸ்டேசன் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் போன பிறகும் அந்த வார்த்தை என் காதுக்குள் நின்றது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் பேரை மாற்றிக்கொண்டு வாழ்பவன் உண்மையிலேயே கள்ளன்தான், வேறு எதுவாகவும் அவனைக் காட்டவில்லையே. நாம் துணைக்கு வரும் என்று நம்பிப் போன படம் உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

இரண்டாம் பாதியை எழுதி உன்னை வதைக்க விரும்பவில்லை. சென்னையில் முன்பு சமையல்காரனாக இருந்த ஒருவன் சந்தையில் ரௌடியை அடையாளம் கண்டுகொள்கிறான். ரௌடி அவனை லீக்ஸ் மூட்டைக்குள் திணித்துக் கட்டி லொறியில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். பிறகு நாற்பது நிமிடம் துப்பாக்கி. தேயிலைச் செடியெல்லாம் எரிகிறது. யாரும் செடியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வெளியே வந்தபோது தூறல். உன் மகளும் நானும் அப்புத்தளை பஸ்ஸில் ஏறினோம். எல்லவில் விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறாளே, இரண்டு நாள் லீவு போட்டு வீட்டுக்கு வருகிறாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஹாலிஎல தாண்டும்வரை நான் மனதுக்குள் அந்தப் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இனி எப்படிச் சொல்வது? இந்தப் படத்தைக் காட்டி, உன் அம்மாவும் இப்படித்தான் என்று சொன்னால் அது உனக்குச் செய்கிற துரோகம். சொல்லாமல் விட்டால் அதுவும் துரோகம். இப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்திவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று வந்தது கோபம். உனக்கு வாய் இருந்தது. முப்பது வருடம் இருந்தது. எத்தனை படத்தைத் திருத்திச் சொன்னாய், உன்னுடையதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போது உன் மகள் தானாகச் சிரித்தாள்.

"அம்மா இருந்திருந்தா இந்தப் படத்த எப்படி சொல்லியிருக்கும் பெரியம்மா?"

கதவு அங்கே இருந்தது. நான்தான் அதுவரை தியேட்டர் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மா சொன்னா, ஸ்டேசன்லருந்து தொடங்கும்" என்றேன்.

"படத்துல ஸ்டேசனே வரலியே."

"உங்கம்மா சொல்ற படத்துல வரும்."

சொன்னேன். ரௌடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அப்பாவை வைத்தேன், லயத்து மனிதர். மாலை போட்டதையும், பக்கத்து வீட்டுக்காரி புரண்டு அழுது சொம்பைத் திணித்ததையும், ஊருக்கு ஊர் அழுகை குறைந்து அப்புத்தளையில் அவர் எழுந்து நின்றதையும் சொன்னேன். பெட்டிகள் மட்டும் இந்தியாவுக்குப் போன இடத்தில் உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு நிஜ வயதைவிடக் கடதாசியில் இரண்டு வயது குறைவு என்றதும், "அப்ப ரெண்டு வருசம் கூடுதலா வேல செஞ்சிருக்குமே, பாவம்" என்றாள். நீ வேலையிலிருந்து நின்ற அன்று என்னிடம் முனகியதும் அதையேதான்.

பண்டாரவளையில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். பஸ் மறுபடி புறப்பட்டதும் சந்தைக் காட்சிக்கு வந்தேன். நீ பிளாட்பாரத்தில் சொன்னபோது சிரிக்காமல் சொன்ன ஒரே இடம் அது.

"நாலஞ்சு வருசம் போகுது. ஆடி மாசம், அந்த அம்மா கோயிலுக்குப் பால் எடுத்துக்கிட்டு அப்புத்தளை டவுனுக்கு வர்றாங்க. வீட்டுல நல்ல ஏனம்னு இருக்கிறது அந்த ஒரு சொம்புதான். அதுலதான் பால். சந்தைக்கிட்ட நேருக்கு நேரா ஒரு பொம்பள வந்து நிக்கிறா. பாத்தா, சொம்பு குடுத்தவ."

உன் மகள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"ஓடவும் முடியாது. முகத்த மூடலாம், சொம்ப எங்க மூடுறது? அதுல அவ பேரே வெட்டியிருக்கு. அவ இந்த அம்மா முகத்தப் பாத்தா, சொம்பப் பாத்தா, மறுபடி முகத்தப் பாத்தா. சுத்தி ஆளுக. அப்புறம் அறியாத ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசினா. 'சொம்பு நல்லா இருக்குங்க. எங்க தோட்டத்துல எனக்கு உசுரா ஒருத்தி இருந்தா, அவளுக்கும் இப்படி ஒண்ணு குடுத்தேன். இந்தியாவுக்குப் போயிட்டா. அங்க நல்லா இருக்கான்னு கேள்விப்பட்டேன். இருக்கட்டும்'னா. சொல்லிட்டு சொம்புக்குள்ள ஒரு பூவப் போட்டா. போயிட்டா. சாகுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

பஸ் தியத்தலாவை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடி முழுக்கப் பனி. உன் மகள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சொம்புல என்னா பேரு வெட்டியிருந்துச்சு?"

"செ. பாக்கியம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "சின்னப் புள்ளையில எழுத்துக் கூட்டிப் படிக்க பழகினதே அந்தச் சொம்புலதான்" என்றாள். "பாக்கியம் யாரும்மான்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். சந்தையில பழசா வாங்குனதுன்னு சொல்லும்."

அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், குனிந்து. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபமா, வெட்கமா, என்ன என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, உனக்கு இருந்த அதே பயம்.

"அந்தப் புள்ளைக்கு சொந்தப் பேரு என்னா?" என்றாள்.

சொன்னேன். முப்பது வருடத்துக்குப் பிறகு உன் பேர் என் வாயிலிருந்து வந்தது. நாக்குக்குப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் பிசகியது. அவள் அதை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மாவுக்கு அந்தப் பேரு பிடிக்குமா?"

உன் பேரை இத்தனை வருடம் பூட்டி வைத்துக் காத்தேன். அது உனக்குப் பிடித்த பேரா, யாராவது அந்தப் பேரால் கூப்பிடமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறாயா, நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த வேளைகளில் நான் அப்படிக் கூப்பிட்டிருக்கலாமா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எவ்வளவு நேரம் இருந்தது. அந்த ரௌடிப் படத்தை எடுத்தவரைத் திட்டுகிறேனே, அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் பத்து விநாடி நிற்கத் தெரியவில்லை என்று. எனக்கு மட்டும் தெரிந்ததா?

இந்த மடலிலும் அந்தப் பேரை நான் எழுதவில்லை. நீ சொல்லச் சொன்னது உன் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அப்புத்தளையில் இறங்கியபோது நாலடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை, அவ்வளவு பனி. உன் மகள் தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தாள். ஏறுவதற்கு முன் என் முந்தானையால் என் தலையை மூடிவிட்டாள்.

"அண்ணனுக்கு நானே சொல்லிக்கிறேன். போன்ல வேணாம், பொங்கலுக்கு வரும்போது. சொம்ப முன்னால வச்சுக்கிட்டு சொல்றேன்."

"கோபப்படுவானோ என்னமோ."

"படட்டும். இந்தப் படத்த விட நல்லாத்தான் சொல்லுவேன்."

ஆட்டோ திரும்பியது. அவள் வெளியே தலையை நீட்டினாள். இத்தனை வருடமும் உன் பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. கடதாசியின்படி நீ எனக்கு ஒரு வயது இளையவள் இல்லையா. நிஜத்தில் ஒரு வயது மூத்தவள் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பஸ்ஸில் நான் சொன்ன அந்த இரண்டு வயதை வைத்து அவள் எப்போது கூட்டிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

"பாத்துப் போங்க சின்னம்மா" என்றாள்.